சம்மட்டிக்கு அசையாத ஹப்

"சம்மட்டியால நாலு போடு போட்டா வராத ஹப்பே கிடையாது." மூங்கில்துறைப்பட்டிலிருந்து கச்சிராயபாளையம் வரை, கல்வராயன் மலையடிவாரத்தில் ஜீப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படி ஒருவர் சொல்லக் கேட்கலாம். சொல்பவர் பெரும்பாலும் கைத்தொழில் தெரிந்தவர்தான். அவர் அடித்து, சக்கரத்தைத் தாங்கும் ஹப் வெளியே வந்ததும் உண்மையாக இருக்கும். வந்த ஹப்பின் கதி, உள்ளே இருந்த பேரிங்கின் கதி, அச்சு நுனியின் கதி என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மறுப்பு.

மலையில் ஜீப் பொழுதுபோக்கு வண்டி அன்று. கல்வராயன் மலைக் கிராமங்களின் அடிப்படை வசதிக் குறைவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. பஸ் ஏறாத ஊரில் பிரசவ வலி கண்டவரையும் ரேஷன் மூட்டையையும் அதே வண்டிதான் இறக்கி ஏற்றுகிறது. அதன் முன்னச்சைக் கழற்றுகிறவர் கையில் அவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

முதலில், ஹப் "ஜாம்" ஆகிவிட்டது என்ற தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். பழைய மஹிந்திரா ஜீப்பின் முன் சக்கரத்தில் எது எதைப் பிடித்திருக்கிறது? கிரீஸ் மூடியைக் கழற்றினால், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் நுனிப் பள்ளத்தில் ஒரு சர்க்லிப் வளையம். அதற்குப் பின்னால் ஷாஃப்டின் பல்லில் உட்கார்ந்து, போல்ட்டுகளால் ஹப்போடு இறுக்கப்பட்ட ஃபிளாஞ்ச். அது வந்த பிறகு லாக் நட், மடக்கிய வாஷர், அதற்குள் இன்னொரு நட். ஹப்பும் டிரம்மும் வந்த பிறகு பிரேக் தட்டு, ஸ்டப் ஆக்சில்; கடைசியில்தான் ஷாஃப்ட். இந்த வரிசையில் ஒன்று விடுபட்டாலும் மற்றது அசையாது. காய்ந்து கருத்த கிரீஸுக்கு அடியில் சர்க்லிப் கண்ணுக்குத் தெரியாது. அது பள்ளத்தில் இருக்கும்போதே ஃபிளாஞ்சை அடிப்பது, தாழ்ப்பாளைத் திறக்காமல் கதவை இடிப்பது.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது பிரேக் டிரம். பல வருடம் தேய்ந்த டிரம்மின் உட்புறத்தில் ஷூ உரசாத விளிம்பு மட்டும் வரப்பாக நின்றுவிடும். வெளியே இழுத்தால் ஷூ அந்த வரப்பில் மாட்டிக்கொள்ளும். "ஹப் பிடிச்சிடுச்சு" என்று அடிக்கத் தொடங்குகிறார்கள். அங்கே ஹப் எதையும் பிடித்திருக்கவில்லை. பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே வாங்கிவிட்டால் கையாலேயே வந்துவிடும். அடித்தால் ஷூவைத் தாங்கும் பின்னும் ஸ்பிரிங்கும் போகும், தட்டு வளையும். மலை இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போதுதான் அந்தச் சேதம் வெளியே தெரியும்.

சரி, துருவே பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அடிக்கலாமே என்பார்கள். அடியின் பலம் கணநேரம்தான். அடுத்த நொடி இரும்பு திருப்பித் தள்ளுகிறது. அந்த அதிர்ச்சியைப் பேரிங் வாங்குகிறது. டேப்பர் ரோலர் பேரிங்கின் உருளைகள் வழித்தடத்தில் சின்னச் சின்னக் குழிகளைப் பதித்துவிடும். அன்று ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் சக்கரத்திலிருந்து உறுமல் கேட்கும். அப்போது யாரும் அந்தச் சம்மட்டியை நினைப்பதில்லை. ஷாஃப்ட் நுனியிலேயே அடித்தால் இன்னும் மோசம். நுனி பூத்துப்போய் சர்க்லிப் பள்ளமும் பல்லும் நசுங்கும். அதற்குப் பிறகு எந்த ஃபிளாஞ்சும் அதன் வழியே ஒழுங்காக ஏறாது.

இதற்கு மாற்று தள்ளுவது. ஜிப்ஸி வண்டியின் ஃபிளாஞ்சில் இதற்கென்றே மரை போட்ட இரண்டு துளைகளை விட்டிருக்கிறார்கள். அதில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாறி மாறி, கால் சுற்றாக முறுக்க வேண்டும். காய்ந்த மரையில் 25 நியூட்டன்-மீட்டர் முறுக்கினாலே ஒரு போல்ட் ஏறத்தாழ ஒன்றரை டன் தள்ளும். இரண்டும் சேர்ந்து மூன்று டன். அந்தத் தள்ளல் நிற்காமல் இருக்கிறது, பேரிங் வழியாகப் போகாமல் ஃபிளாஞ்சுக்கும் ஹப்புக்கும் நடுவிலேயே வேலை செய்கிறது. துளை இல்லாத வண்டிக்கு, பாகத்தைப் பிடித்து இழுக்கும் புல்லர். சுத்தியலுக்கும் இங்கே இடம் உண்டு: புல்லரை இறுக்கி வைத்துவிட்டு, ஃபிளாஞ்சின் பக்கவாட்டில் பித்தளைக் கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டினால் துரு உடையும். தட்டுவது துருவை உடைக்க, இழுப்பது புல்லர். இந்த வேலைப் பிரிவினைதான் என் வாதத்தின் மையம். இறுக்கத்திலிருந்து திடீரென்று விடுபடும் பாகம் பாய்ந்து வரும். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்தால் காலில் விழாது.

அடுத்தது, கேஸ் தீயால் சூடு காட்டுவது. "சூடு காட்டினால் இரும்பு விரியும், தானாக விடும்" என்பது பாதி உண்மை. 60 மி.மீ. துளையுள்ள உருக்கு வளையத்தை 100 டிகிரி சூடாக்கினால் துளை சுமார் 0.07 மி.மீ. பெரிதாகும். துருவை விடுவிக்க அது போதும். ஆனால் வெளி வளையம் மட்டும் சூடாக வேண்டும். உள்ளே இருப்பதும் சேர்ந்து சூடானால் இரண்டும் ஒன்றாக விரியும், பலன் இல்லை. பட்டறையில் நடப்பது அதுதான்: செக்கச் செவேலென்று பழுக்கும்வரை காட்டுகிறார்கள். பேரிங் உருக்கு 200 டிகிரிக்கு மேல் கடினத்தை இழக்கத் தொடங்கும். ரப்பர் சீல் அதற்கு முன்பே கருகும். பின்னால் பிரேக் சிலிண்டரும், தீப்பிடிக்கக்கூடிய பிரேக் ஆயிலும் இருக்கின்றன. பேரிங்கையும் சீலையும் எப்படியும் தூக்கி எறியப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகு, பிரேக் பாகங்களை அகற்றிவிட்டு, அளவாகச் சூடு காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களிடம் எனக்குச் சண்டை குறைவு. அரை மணியில் பலன் எதிர்பார்ப்பதுதான் தவறு. இடுக்கில் விட்டு ஓர் இரவு ஊற வேண்டும், இடையில் தட்டிக்கொடுக்க வேண்டும், பிரேக் லைனிங்கில் ஒரு சொட்டும் படக்கூடாது.

எல்லாவற்றையும்விட நான் கடுமையாக மறுக்க விரும்புவது வேறொரு நம்பிக்கை: "ஃபோர் வீல் போடாத வண்டிக்கு முன் ஹப் கெடாது, அதைப் பிரிக்காதே." பிரிக்காமல் விட்ட ஹப்தான் ஜாம் ஆகிறது. ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவித்துவிடும் ஹப்) இல்லாத ஜீப்பில் ஃபோர் வீல் போட்டாலும் போடாவிட்டாலும் சக்கரத்தோடு ஷாஃப்டும் சுற்றுகிறது. ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில் அது சுற்றாமல் கிடக்கிறது; கிரீஸ் கீழே இறங்கிவிடும், பல் காய்ந்து துரு ஏறும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் பிடி இறுகிக்கொண்டே போகிறது.

தண்ணீர் எப்படி நுழைகிறது? பிரேக் பிடித்துச் சூடான ஹப் மலை ஓடையில் இறங்கும்போது சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. தேய்ந்த சீலின் வழியே தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்கு வேறு அனுபவமும் உண்டு. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு ஆறு ஊருக்குள் வந்தது. அப்படி மூழ்கிய வண்டியில் இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. ஹப்பைத் திறந்து பார்த்தால் கிரீஸ் மோர்போல வெளுத்திருக்கும். அந்த வாரமே கழுவி மாற்ற வேண்டியது அது. விட்டுவிட்டால் அடுத்த வருடம் சம்மட்டிதான்.

"ஷாஃப்ட் வரலையா, உடைச்சு எடுத்துட்டுப் பின் சக்கரத்துலயே ஓட்டு" என்ற யோசனையும் உண்டு. பழைய ஜீப்புக்கு இது ஆபத்தில்லை. அங்கே வண்டியின் பாரம் ஸ்டப் ஆக்சிலில் இருக்கிறது, ஷாஃப்ட் சுழற்ற மட்டும்தான். ஹப் வாயை மூடிவிட்டு ஓட்டலாம். ஷாஃப்டின் நுனி நட்டே பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் புதிய வகை வண்டிகளில் ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே ஆடத் தொடங்கும். அந்த வகையில் ஷாஃப்டைப் பிடித்து வெளியே இழுப்பதும் கூடாது. உள் ஜாயிண்ட் கழன்றுவிடும். நுனியை உள்நோக்கித் தள்ள வேண்டும், ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கட்டி வைக்க வேண்டும்.

"மலை வண்டிக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். ஐப்பசி மழைக்கு முன் ஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸை வழித்து, புது சீல் போட்டு, ஃபிளாஞ்சின் பல்லிலும் ஸ்டப் ஆக்சிலிலும் மெல்லிய கிரீஸ் பூசி மாட்ட ஒரு நாள் வேலை. ஜாம் ஆன ஹப்பை அடித்துக் கெடுத்தால் பேரிங், டிரம், ஷாஃப்ட் வாங்கக் கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ அலைய வேண்டும். அதுவரை வெள்ளிமலைக்கு மேலே, பஸ் ஏறாத அந்த ஊருக்கு வண்டி இல்லை.