மாத்திரை மட்டும் கொடுத்தால் போதுமா?

சுகர் நோயாளிக்கு ஊரே சொல்லும் ஒரே அட்வைஸ், "இனிப்பைத் தொடாதே". சர்க்கரை ஏறினால் கண் போகும், கிட்னி போகும், கால் போகும் என்று படம் போட்டு மிரட்டுவார்கள். சரி, இறங்கினால்? மூச்சு விட மாட்டார்கள்!

இன்சுலினோ, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர் ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலே சர்க்கரை 70-க்குக் கீழே சரியலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம்... பார்க்கிறவன் "காலையிலேயே ஊத்திட்டான்" என்று நகர்ந்துவிடுவான். அவரோ, சர்க்கரை என்றாலே விஷம் என்று பயந்து, வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பார்.

வைத்தியம் டீக்கடையிலேயே இருக்கிறது. மூன்று ஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடிக்கணும். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். ஏறவில்லையா, இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடணும். அவ்வளவுதான் பாடம்!

"டாக்டருக்கு நேரமில்லை" என்பார்கள். ஓ.பி. கூட்டத்தைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் இதைச் சொல்ல டாக்டரே வேண்டுமா? நர்ஸ் போதாதா? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. விரதம் இருக்கும் பாட்டியிடம் "சாப்பிடாத நாளில் மாத்திரையை என்ன செய்வீங்க?" என்று கேட்க இரண்டு நிமிடம் ஆகுமா?

எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று நோட்டில் கணக்கு எழுதுகிறார்கள் அல்லவா? சொல்லிக் கொடுத்தாயிற்று, நோயாளி திருப்பிச் சொன்னார் என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் போட என்ன செலவாகும்?