காலி கேன்

எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று இருந்தது. நல்ல கனம். மூடியை இறுக்கித் திருகிவிட்டால் ஒரு சொட்டு ஒழுகாது. காபிச் செடியில் தண்டு துளைப்பானுக்கு வாங்கிய மருந்து தீர்ந்ததும், அதைச் சாம்பலும் சோப்புத் தூளும் போட்டு மூன்று தரம் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தவர் என் மாமியார். "இதைக் கடையிலே வாங்கப் போனா எத்தனை ரூபா தெரியுமா? தூக்கிப் போடறதாவது!" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த வருஷம் பழம் பறிக்கிற நாட்களில் தோட்டத்துக்குக் குடிதண்ணீர் அந்தக் கேனில்தான் போயிற்று.

ஒரு நாள் பழம் பறிக்க வந்த பெண் ஒருத்தி, ஒரு வாய் குடித்துவிட்டு உடனே துப்பினாள். "அக்கா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க" என்றாள். நான் கேனை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூடியைத் திருப்பி, உள்ளே இருந்த வளையத்தை முகர்ந்தபோதுதான் பகீரென்றது. மருந்தடித்துவிட்டு வரும்போது என் வீட்டுக்காரர் சட்டையில் அடிக்குமே, அதே வாடை!

அன்று காலை அவசரத்தில் அதே கேனிலிருந்துதான் என் சின்ன மகளின் பள்ளிக்கூட பாட்டிலுக்கும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். அவளை அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றேன். நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. "நல்லாவே இல்லம்மா, குடிக்கலை" என்றாள். தண்ணீர் குடிக்காமல் வந்ததற்குத் தினமும் திட்டு வாங்குகிற பெண் அவள்.

இத்தனை கழுவியும் ஏன் போகவில்லை? பூச்சிக்கொல்லிகளில் பல எண்ணெய் மாதிரியானவை. பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். ஊறுகாய் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தேய்த்தாலும் வாசனை போகிறதா? அதே கதைதான். தண்ணீரில் ஓரளவு இறங்கும், எண்ணெய் ஊற்றினால் இன்னும் அதிகமாக இறங்கும்.

இது பயந்தாங்கொள்ளிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2013-ம் வருஷம் ஜூலை 16-ம் தேதி, பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்து போனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. பூச்சிக்கொல்லி இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருக்கலாம் என்பதுதான் அப்போது எழுந்த சந்தேகம். எண்ணெய் சரியில்லை என்று சமையல் செய்த அம்மாளுக்கே தோன்றியிருக்கிறது. தோன்றிய உடனே அடுப்பை அணைத்திருந்தால்... இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

அதற்கு முன்பே நமக்குப் பாடம் கிடைக்காமல் இல்லை. 1958-ல் பக்கத்துக் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உணவுப் பண்டமும் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் ஒரே கப்பலில் வந்ததால் நேர்ந்த விபரீதம் அது. அதன் பிறகுதான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. காலியான டப்பாக்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971-ம் வருஷத்து விதிகளிலேயே இருக்கிறது. நாம் என்னடாவென்றால் கழுவிக் கவிழ்த்து வைக்கிறோம்!

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இதற்கு 'மருந்து' என்று பேர் வைத்ததே தப்போ? பூச்சி மருந்து, எலி மருந்து என்று சொல்லிச் சொல்லி, காய்ச்சல் மருந்து பக்கத்திலேயே அதையும் வைத்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் இப்போது 'விஷம்' என்றுதான் சொல்வது. "விஷ டப்பாவைத் தொட்டியா?" என்று கேட்டாலே பிள்ளைகள் கையை இழுத்துக் கொள்கிறார்கள்.

டப்பாவின் மேல் சாய்சதுரத்தில் ஒரு நிறம் இருக்கும், பாருங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம், மண்டை ஓடும் போட்டிருக்கும். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சைதானே என்று அதில் பருப்புக் கொட்டி வைக்க வேண்டாம். நிறம் எதுவானாலும் அந்த டப்பாவுக்கு அடுக்களையில் வேலை இல்லை.

தோட்டம் துரவு இல்லாத வீடுகளிலும் இதே தவறு வேறு மாதிரி நடக்கிறது. பினாயிலும், பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டும், மண்ணெண்ணெயும் கூல்டிரிங்க் பாட்டிலில்தான் இருக்கும்! தவழ்கிற குழந்தைக்கு பாட்டில் என்றால் பாட்டில்தான், அது வாயில்தான் போகும். எது எந்த டப்பாவில் வந்ததோ அதிலேயே இருக்கட்டும், உயரத்தில், பூட்டுக்குள். மருந்தடித்துவிட்டு வந்தவர் சட்டையைக் குழந்தைத் துணியோடு ஊற வைக்கவும் கூடாது. தனி வாளி போடுங்கள்.

தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயானால் நுரையீரலுக்குள் போய்விடும், ஆசிட் ஏறும்போது தொண்டையை மறுபடி புண்ணாக்கும். பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறினால் எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், மூச்சு திணறும். நனைந்த துணியைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் அந்த டப்பாவையும், லேபிள் கிழியாமல், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி நேரம் மிச்சம். எங்களைப் போல மலைமேல் இருந்து சேலத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

அந்தக் கேன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எரித்தால் புகையே விஷம் என்பதால் எரிக்கவில்லை. மாமியாரிடம் மூடியை மட்டும் நீட்டினேன். முகர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. கொல்லையிலிருந்து ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து, கேனை நாலு பக்கமும் அவரே ஓட்டை போட்டார். பிறகு உள்ளே போய், பரணில் இன்னும் இரண்டு கேன் இருப்பதாகச் சொன்னார்.