கம்பிக்கும் பெயர் வேண்டும்

மின்விசையின் பெருமையைப் பேசுவார் பலர். அவ்விசையைக் கொண்டுசெல்லும் கம்பியைப் பற்றிப் பேசுவார் சிலரே. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் தொழிற்சாலைக் கம்பிக்கும் யாது தொடர்பு என நண்பர் சிலர் வினவவுங்கூடும். நெருங்கிய தொடர்பு உண்டென்பதே எம் கருத்து. கம்பி பூட்டுதலும் ஒருவகை எழுத்தே. முன்னோன் எழுதிவைத்ததைப் பின்னோன் பிழையின்றிப் படித்தல் வேண்டும். படிக்க இயலாவிடின் அவன் இழப்பது மதிப்பெண்ணன்று, உயிர்.

சென்னைக்கு வடக்கே, கழியும் உப்பளமும் சூழ்ந்த அத்திப்பட்டை நோக்குவோம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று இயந்திரத் தொகுதிகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுடையன, 1994 முதல் 1996 வரை ஈண்டு இயங்கத் தொடங்கின. பின்னர் 600 மெகாவாட் தொகுதிகள் இரண்டும், 2024இல் 800 மெகாவாட் தொகுதி ஒன்றும் உடன் சேர்ந்தன. 2001இல் திறக்கப்பெற்று இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர் பூண்டுள்ள எண்ணூர்த் துறைமுகத்தில் வந்திறங்கும் நிலக்கரி, கன்வேயர் பெல்ட்டின்மீது ஏறி நிலையத்தை அடைகின்றது.

இத்தகைய இடங்களில் கம்பிகள் இருதிறத்தன. ஒன்று மோட்டாரைச் சுழற்றும் விசையைச் சுமப்பது. மற்றொன்று 'ஓடுக', 'நிற்க' என்னும் கட்டளையைச் சுமப்பது. முன்னது பருத்தது, எவரும் அஞ்சி விலகுவர். பின்னது நூல்போல் மெல்லியது. அதனை எவரும் பொருட்படுத்துவதிலர். ஆயினும் பெரியதை ஆள்வது இச்சிறியதே.

நிலக்கரி செல்லும் பெல்ட்டின் ஓரமாக நெடுக ஒரு கயிறு கட்டப்பெற்றிருக்கும். பெல்ட்டில் ஒருவன் ஆடையோ கையோ சிக்கினால், அருகிலுள்ளோன் அக்கயிற்றை இழுத்த அளவில் பெல்ட் நிற்கவேண்டும். இதற்கான கட்டளைக் கம்பியைப் பூட்டும் முறை கருதத்தக்கது. இழுக்கும்போது மின்னோட்டம் செல்லுமாறு அதனைப் பூட்டுவதில்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் இழுக்கும்போது அறுமாறே பூட்டுவர். அங்ஙனமாயின், கம்பி எலியால் கடியுண்டாலும், உப்புக் காற்றால் அரிக்கப்பட்டாலும், திருகு தளர்ந்தாலும் பெல்ட் தானே நின்றுவிடும். பழுது நேர்ந்தால் அப்பழுதே காவலாகும் என்னும் இவ்வொரு முறையால் காக்கப்பெற்ற உயிர்கள் பலவாதல் வேண்டும்.

இக்காவலை அழிப்பதற்கோ ஒரு சாண் கம்பி போதும். கடலருகே உள்ள இடத்தில் ஈரமும் சாம்பலும் பெட்டிக்குள் புகுந்து, காரணமின்றிப் பெல்ட் அடிக்கடி நிற்கும். வேலை தடைப்படும், மேலிருந்து வினா வரும். பழுதைத் தேடக் காலம் இல்லையெனக் கருதி, கயிற்றின் விசைக்குச் செல்லும் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவர். இதனை 'லூப் போடுதல்' என்ப. பெல்ட் ஓடும், அனைவரும் மகிழ்வர். நாளை எடுத்துவிடலாம் என்று வைத்த துண்டு நாளையும் இருக்கும், மறு ஆண்டும் இருக்கும். வைத்தவன் வேறிடம் சென்றிருப்பான். கயிறு மட்டும் தன் இடத்திலேயே தொங்கும். அதனை நம்பி ஒருவன் அருகில் நிற்பான். பெயரும் நாளும் இன்றி வைக்கப்பெற்ற அத்துண்டுக் கம்பியினும் கொடிய பொய் வேறொன்றை யாம் அறியோம்.

ஆதலின் யாம் வேண்டுவன மிகச் சிலவே. ஒவ்வொரு கம்பிக்கும் இரு முனையிலும் ஒரே எண் பொறித்த ஃபெருல் இருத்தல் வேண்டும். பெட்டியின் கதவில் வைத்துள்ள வரைபடத்தை, கம்பியை மாற்றிய அன்றே, மாற்றியவன் கையாலேயே திருத்துதல் வேண்டும். லூப் இட நேர்ந்தால், பொறுப்புடையார் எழுத்தால் இசைவு பெற்று, இட்டவன் பெயரும் எடுக்கவேண்டிய நாளும் எழுதிய அட்டையை அதில் தொங்கவிடல் வேண்டும். பயன்படாத துளைகளை அடைத்து, ஈரமும் சாம்பலும் புகாமற் காத்தல் வேண்டும். வேலை தொடங்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, விசையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்து, சோதிக்கும் கருவியையும் முன்னர்ச் சோதித்து, மின்சாரம் இல்லையென உறுதி கண்ட பின்னரே கை வைத்தல் வேண்டும்.

இவை அற்பமென்பார் நரோராவை நினைக்க. உத்தரப்பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில், 1993ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள், சுழலியின் தகடுகள் முறிந்து தீப்பற்றிற்று. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்று வைத்த மின்வழிகள் பல இருந்தும், அவற்றின் கம்பிகள் போதிய பிரிவின்றிச் சென்றமையால் அத்தீ அனைத்தையும் கெடுத்தது. நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தது. பணியாளர் விரைந்து அணு உலையை நிறுத்தியமையாலும், டீசல் பம்புகளால் நீர் செலுத்தியமையாலும் பெருங்கேடு தவிர்ந்தது. காவல் உண்டென்று எண்ணியிருத்தல் வேறு, காவல் உண்மையில் இருத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இவற்றிற்குக் காலமும் பொருளும் செலவாகும் என்று சொல்வாருளர். செலவாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் எண்ணிடாத கம்பியால் பழுது நேரும்போது, நூறு கம்பிகளுள் அது எதுவெனத் தேடும் காலம் எத்துணை என்பதையும் அவர் கணக்கிடல் வேண்டும். ஓரெழுத்துப் பிழையால் மயங்கிய பாடங்களைத் தெளிவிக்க டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பல்லாண்டு உழைத்தமையை நம் தமிழ் மாணாக்கர் அறிவர். ஏட்டின் பிழையைத் திருத்த ஆண்டுகள் கிடைத்தன. கம்பியின் பிழையைத் திருத்த ஒரு கணமும் கிடைப்பதில்லை.

இனி மொழியைப் பற்றி ஒன்று. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னமைப்புக்களில் மண்டையோட்டுக் குறியுடன் அபாய அறிவிப்பை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுவதோடு, அம்மாவட்டத்தின் மொழியிலும் எழுதவேண்டும் என்பது சட்டம். நன்று. ஆனால் அக்கதவைத் திறந்து உள்ளே கை நீட்டுவோனுக்கு வழிகாட்டும் குறிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. வெளியே நிற்போனுக்குத் தமிழில் எச்சரிக்கை. உள்ளே புகுவோனுக்கு அறியா மொழியில் அறிவுரை! இம்முறை மாறவேண்டும். தமிழ் மட்டுமே போதும் என்றும் யாம் கூறோம். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தின்போது சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் அஸ்ஸாமியர். அது மின்கம்பியால் நேர்ந்த விபத்தன்று. எனினும், இவ்விடத்தில் உழைப்போர் எத்துணைத் தொலைவினின்று வந்துள்ளார் என்பதை நமக்கு உணர்த்திற்று. எவன் கை வைக்கின்றானோ அவன் மொழியில் எழுதுதலே முறை.

தமிழில் எழுதுங்கால் நம்மனோர் ஒன்றை மறத்தலாகாது. ஃபியூஸ், ரிலே, எர்த் என்பன கம்பியாள் வாயில் நாள்தோறும் வழங்கும் சொற்கள். அவற்றை விலக்கி, அவன் கேட்டறியாத புதுச்சொற்களைப் பெட்டிக்குள் எழுதிவைத்தால், தமிழ் வளர்ந்ததாக நாம் மகிழலாம், அவனோ தயங்குவான். தயங்கும் இடம் அதுவன்று. வாக்கியம் தமிழாயிருக்க, பொருளின் பெயர் அவன் அறிந்ததாயிருக்க.

நம் கல்லூரியினின்று தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நண்பர்காள்! பெயரில்லாத கம்பியைக் கண்டால் பெயரிடுமின். பதிவில்லாத லூப்பைக் கண்டால் வினவுமின். தமிழ் வகுப்பில் இருக்கும் நாமோ, கம்பியாளர் பயிற்சி பெறும் இளைஞரோடு அமர்ந்து, அவர் சொல்லைக் கேட்டு, இம்முறைகளை ஒரு பக்கத் தாளில் தெளிவுற எழுதித் தருவோமாக. நாம் கற்ற மொழியால் ஓர் உயிர் காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த பயன் கல்விக்கு வேறில்லை.