குட்டி யானையா, பொலிரோவா? செகண்ட் ஹேண்ட் பிக்அப்பில் யாருக்கு எந்த இன்ஜின்?

புளியங்குடி என்றாலே எலுமிச்சைதான். தென்காசி மாவட்டத்தின் இந்த ஊர் எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தோட்டத்திலிருந்து மார்க்கெட்டுக்கு, மார்க்கெட்டிலிருந்து மதுரைக்கு, செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு என்று மூட்டைகள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் பழம் வாடும், விலை இறங்கும்.

இந்த ஓட்டத்தைத் தாங்குபவை குட்டி யானைகளும் பிக்அப்களும்தான். புது வண்டி விலை கட்டுப்படியாகாதவர்கள் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். வீட்டு நகை அடகுக்குப் போகிறது, மீதி ஃபைனான்ஸில் வருகிறது. இப்படி வாங்கும் வண்டி, எலுமிச்சைக்கு நல்ல விலை கிடைக்கும் கோடையில் இன்ஜின் வேலைக்காக ஷெட்டில் நின்றால்? வாடகை வராது. ஆனால், மாதா மாதம் டியூ மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், விலையைப் பேசுகிறார்கள். ஆனால், முதலில் முடிவு செய்ய வேண்டியது இன்ஜினைத்தான். அதற்கான விடை வண்டிக்குள் இல்லை. நீங்கள் ஓட்டப்போகும் ரோட்டிலும் ஏற்றப்போகும் எடையிலும் இருக்கிறது.

டீசல் என்றாலே இழுக்குமா?

'லோடு வண்டின்னா டீசல்தான்' என்பது ஊரெங்கும் சொல்லும் பேச்சு. எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் சக்தி 16 குதிரைத்திறன். இழுவைத்திறன் 40 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. பி.எஸ்.6 காலத்தில் வந்த ஏஸ் கோல்டு பெட்ரோல் வண்டியின் இன்ஜின் 694 சிசிதான். ஆனால், 30 குதிரைத்திறனும் 55 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருகிறது. அதாவது, பழைய டீசல் குட்டி யானையைவிட பெட்ரோல் குட்டி யானைக்குத்தான் இழுவை அதிகம்.

டீசலின் உண்மையான பலம் டர்போவுடன் சேரும்போதுதான் தெரியும். அசோக் லேலண்ட் தோஸ்த்தின் 1,478 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ டீசல் சுமார் 158 நியூட்டன் மீட்டர் இழுவை கொண்டது. மஹிந்திரா பொலிரோ பிக்அப்பின் 2,523 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜின் சுமார் 200 தருகிறது. டாடா இன்ட்ரா வி50-ல் 1,496 சிசி இன்ஜின் 220 நியூட்டன் மீட்டரைத் தொடுகிறது. ஆகவே, 'டீசலா, பெட்ரோலா' என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது. 'எத்தனை சிலிண்டர், டர்போ உண்டா, இழுவை எவ்வளவு' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உங்கள் ஓட்டம் எது?

*தோட்டம் டு மார்க்கெட்:* தினமும் நாலைந்து கிலோமீட்டர் போவது, நிறுத்துவது, மூட்டை ஏற்றுவது, மறுபடி கிளப்புவது. ஒரு நாள் முழுக்க ஓடினாலும் 30 கிலோமீட்டர்தான் வரும். சுமை முக்கால் டன்னுக்குள். இதற்குச் சிறிய பெட்ரோல் வண்டி போதும். ஏஸ் கோல்டு பெட்ரோல், மாருதி சூப்பர் கேரி போன்றவை இந்த ரகம். சூப்பர் கேரியில் 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் என்பதால் ஓட்டம் மென்மையாக இருக்கும்.

*கேரளா லோடு:* புளியங்குடியிலிருந்து கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை தாண்டி, புளியரையில் மலை ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் போகும் கொல்லம் ரோடு இது. ஒரு டன்னுக்கு மேல் சுமையோடு வளைவில் ஏறும்போது சின்ன இன்ஜின் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் அலறும், சூடு ஏறும். அப்படியே பழக்கினால் ஹெட் காஸ்கெட் போகும். கிளட்ச்சும் சீக்கிரம் தேயும். இந்த ரோட்டுக்கு மூன்று அல்லது நான்கு சிலிண்டர் டர்போ டீசல்தான் சரி. தோஸ்த், இன்ட்ரா வி30, வி50, பொலிரோ பிக்அப் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்கலாம்.

*ராஜபாளையம், மதுரைப் பக்கம்:* பெரும்பாலும் சமதளம், ஆனால் தூரம் அதிகம். நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கு டீசல் லாபம். வழியில் வசதியான இடத்தில் சிஎன்ஜி பங்க் இருந்தால் அதையும் யோசிக்கலாம். ஆனால், சிஎன்ஜி-யில் சிலிண்டரின் எடை சுமையிலிருந்து கழியும். சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ ஏற்றலாம் என்றால், சிஎன்ஜி-யில் 625 கிலோதான். இழுவையும் கொஞ்சம் குறையும். சிலிண்டரை 3 வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாத வண்டி பக்கமே போகாதீர்கள். வெளியில் மாட்டிய கிட் என்றால், ஆர்சி-யில் எரிபொருள் மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்குக்காக பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் வண்டி 18 கிலோமீட்டர் தருகிறது என்போம். கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6 ரூபாய் 67 காசு, டீசலில் 5 ரூபாய். வித்தியாசம் 1 ரூபாய் 67 காசு.

மாதம் 25 நாள், தினம் 30 கிலோமீட்டர் ஓடினால் மாதத்துக்கு 1,250 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 15,000. பம்பு, இன்ஜெக்டர் என்று ஒரு பெரிய வேலை வந்தாலே இந்த மிச்சம் கரைந்துவிடும். அதே வண்டி தினம் 150 கிலோமீட்டர் ஓடினால் வருடத்துக்கு 75,000 ரூபாய் மிச்சம். இங்கே டீசலுக்குக் கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பி வந்துவிடும்.

இதில் உங்கள் ஊர் பங்க் விலையையும், உங்கள் வண்டி தரும் மைலேஜையும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

பி.எஸ்.4-ஆ, பி.எஸ்.6-ஆ?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 வண்டிகள்தான் விற்பனையாகின்றன. அதற்கு முந்தைய பி.எஸ்.4 டீசலில் சென்சார்கள் குறைவு, உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமும் அதிகம். ஆனால், வயதும் அதிகம். சரக்கு வண்டிகளுக்கு முதல் 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி. அதன் பிறகு வருடா வருடம் எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

பி.எஸ்.6 டீசலில் கவனிக்க வேண்டியது சைலன்ஸர் பக்கம் இருக்கும் டிபிஎஃப் என்கிற புகை வடிகட்டி. பல வண்டிகளில் இது உண்டு. புகையில் வரும் கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தானாகவே எரித்துச் சாம்பலாக்கும். அந்த வெப்பம் வர, வண்டி நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டியில் அதற்கு நேரமே கிடைக்காது. கரி அடைக்கும், விளக்கு எரியும், இழுவை குறையும். குறுகிய ஓட்டத்துக்கு பெட்ரோல் நல்லது என்று சொல்வதற்கு மைலேஜைத் தாண்டிய காரணம் இதுதான்.

சில மாடல்களுக்கு யூரியா கரைசலும் தனியாக ஊற்ற வேண்டும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். 'டிபிஎஃப்-ஐ எடுத்துட்டோம், இனி தொல்லை இல்லை' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்த வண்டி வேண்டாம். தொல்லை எஃப்சி-யிலும் புகைச் சோதனையிலும் உங்கள் தலையில் விழும்.

இன்ஜினே சொல்லும் உண்மைகள்

எந்த இன்ஜின் என்று முடிவு செய்தாயிற்று. இனி கண்ணெதிரே நிற்கும் வண்டியின் இன்ஜின் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கையோடு அழைத்துப் போங்கள்.

* காலையில் போங்கள்: நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்னையை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.
* புகையின் நிறம்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வரும் கறுப்புப் புகை என்றால் காற்று, டீசல் அளவில் கோளாறு. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசியலாம், இன்ஜெக்டரில் கோளாறும் இருக்கலாம்.
* ஆயில் மூடி: இன்ஜின் ஓடும்போது திறந்தால், புகை குபுகுபுவென்று அடிக்கிறதா? மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பது இதைத்தான். பிஸ்டன் ரிங், போர் தேய்ந்திருக்கலாம். மூடியின் அடியில் பால் போன்ற படிவு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.
* ஆயில் அளவு கம்பி: ஆயில் குறைந்திருந்தால் மட்டும்தான் கவலை என்று நினைக்காதீர்கள். டிபிஎஃப் உள்ள டீசல் வண்டியில் அளவு கூடியிருந்தாலும் கவலைதான். டீசல் ஆயிலில் இறங்கியிருக்கலாம்.
* ரேடியேட்டர்: இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறந்து பாருங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.
* விளக்குகள்: சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ இணைப்பைத் துண்டித்திருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.
* லோடோடு ஓட்டுங்கள்: காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடையை ஏற்றி, ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். சூடு முள், கிளட்ச், டர்போ சத்தம் மூன்றும் அங்கேதான் வாய் திறக்கும்.

பேப்பரிலும் இன்ஜின் உண்டு

இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணும் ஆர்சி-யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜின் மாற்றி, பதிவு செய்யாமல் விற்கும் வண்டியை வாங்கினால் பெயர் மாற்றம் முதல் இன்ஷூரன்ஸ் வரை எல்லாமே சிக்கல். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்சி, இன்ஷூரன்ஸ் தேதிகளைச் சரிபாருங்கள். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால், தடையில்லாச் சான்றும் ஃபார்ம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30 வேண்டும்.

சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் தேவை. கேரளா ஓட்டுகிறவர்கள் பெரிய இன்ஜினோடு இந்தச் செலவும் வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பார்க்கக் கிளம்பும் முன்...

ஒரு தாளில் மூன்றே விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: தினம் எத்தனை கிலோமீட்டர், அதிகபட்சம் எத்தனை கிலோ, மலை ஏற வேண்டுமா? வருடத்தில் இரண்டே முறைதான் கேரளா லோடு என்றால், அன்றைக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்குப் பிடிக்கலாம். அந்த இரண்டு நாளுக்காக வருடம் முழுவதும் பெரிய டீசலுக்கு டியூ கட்ட வேண்டியதில்லை. வாரா வாரம் மலை ஏறுகிறவர்களோ, விலை குறைவு என்பதற்காகச் சின்ன இன்ஜினில் கை வைக்க வேண்டாம். மிச்சம் பிடித்த காசை மெக்கானிக் ஷெட்டில்தான் கொடுக்க வேண்டிவரும்.

அந்தத் தாளுக்குப் பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும், அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.