பெருநாள் சமையல்: காரமான ரொட்டிப் பூரணம்

பெருநாள் விருந்தில் பிரியாணிக்குப் பின் பிரெட் அல்வா வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. அல்வா ஒரே நிறமாக அமைய வேண்டும் என்று ரொட்டித் துண்டுகளின் பழுப்பு ஓரங்களைப் பலர் வெட்டி நீக்குகின்றனர். இரண்டு ரொட்டிக்கு அல்வா கிளறினால் ஒரு சுளகு பரப்புமளவு ஓரம் மிஞ்சும். சகோதரிகளே, இம்முறை அதை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். கோழிக்குப் பூரணம் செய்ய அதைவிடத் தகுந்த பொருள் இல்லை.

முழுக்கோழிக்குள் பூரணம் வைப்பது புதுமையன்று. மலபார் முஸ்லிம்களின் ‘கோழி நிறைச்சது’ அவித்த முட்டையும் வெங்காய மசாலாவும் அடைத்துச் சமைப்பதாகும். அமெரிக்கர்கள் நவம்பர் மாத நன்றி நவிலும் நாளில் வான்கோழிக்கு ரொட்டித் துண்டுகளை அடைக்கின்றனர். அவர்களது ரொட்டியும் இவர்களது மசாலாவும் ஒன்றுசேர்ந்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். சின்ன வெங்காயத்திற்கோ கொடைக்கானல் மலைப்பூண்டுக்கோ திண்டுக்கல் மாவட்டத்தில் குறைவில்லை.

பூரணத்திற்குப் புத்தம் புது ரொட்டி உதவாது. சாறு பட்டதும் களியாகிவிடும். உலர்ந்த ரொட்டி சாற்றைக் குடித்தும் உருக்குலையாமல் நிற்கும். ஓரங்களை விரற்கடை அளவு நறுக்கி மொட்டை மாடியில் பரப்பினால், நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரமே அதிகம். மழை நாளானால் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் வாட்டுங்கள்.

ஒன்றேகால் கிலோ கோழிக்கு 200 கிராம் ரொட்டி, 150 கிராம் சின்ன வெங்காயம், பூண்டு எட்டுப் பல், சிறு துண்டு இஞ்சி, பச்சை மிளகாய் மூன்று போதும். கோழியின் கழுத்தை வேகவைத்து அரை டம்ளர் சாறு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் அரைத் தேக்கரண்டி சோம்பைத் தாளித்து, நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி, பூண்டு, மிளகாய், பொடியாக அரிந்த ஈரல் ஆகியவற்றைச் சேருங்கள். ஈரல் முற்றிலும் வெந்தபின் உப்பும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் இடவேண்டும். கடை ரொட்டியில் சற்று இனிப்பு உண்டு. அதனால் மிளகு தூக்கலாகவே இருக்கட்டும். புதினா, மல்லித்தழையுடன் ரொட்டியைப் போட்டுப் புரட்டி, சாற்றைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். கையால் பிடித்தால் சேரவும், விட்டால் உதிரவும் வேண்டும். திண்டுக்கல் பிரியாணியில் தயிரும் எலுமிச்சையும் முன்னிற்பதால் இதில் புளிப்புச் சேர்க்காதிருப்பதே நலம்.

இனி, கவனம் தேவைப்படும் இடம். கோழியின் வயிற்றின் நடுப்பகுதிக்குத்தான் சூடு கடைசியாகச் சென்று சேரும். அதற்குள் பச்சை இறைச்சியின் நீர் ரொட்டியில் ஊறிவிடும். தொடை வெந்துவிட்டது என்று இறக்கினால், உள்ளிருக்கும் பூரணத்தில் நோய்க்கிருமிகள் அழியாமல் இருக்கக்கூடும். பூரணத்தின் நடுவே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் அச்சமில்லை. முதல் நாள் இரவே அடைத்து வைத்துவிட்டால் காலை வேலை குறையும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அது கூடவே கூடாது. ரொட்டியை உலர்த்துவதும் வெங்காயம் அரிவதும் இரவு வேலையாகட்டும். கலப்பதும் அடைப்பதும் அடுப்பில் ஏற்றும் நேரத்தில்தான். ரொட்டி உப்பும் என்பதால் நெருக்கித் திணிக்கவும் வேண்டாம்.

உணவுச் சூடு பார்க்கும் கருவி இல்லாத வீட்டிலும், சிறு பிள்ளைகளும் முதியோரும் கர்ப்பிணிகளும் உண்ணும் வீட்டிலும், கோழிக்குள் அடைப்பதையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பூரணம் முழுவதையும் நெய் தடவிய பாத்திரத்தில் பரப்பி, கோழி வெந்த தேக்சாவில் கொதித்துக்கொண்டிருக்கும் மசாலாச் சாற்றை இரண்டு கரண்டி ஊற்றி, மூடியிட்டுத் தோசைக்கல்லின் மேல் இருபது நிமிடம் தம்மில் வையுங்கள். சுவையில் பெரிய வேறுபாடு தெரியாது. அடிப்பகுதி மொறுமொறுப்பாக வருவதால் பிள்ளைகள் இதையே விரும்புவர். ஒரே கோழியை எட்டுப்பேருக்குப் பரிமாற நேரும்போது, ஆளுக்கு ஒரு கரண்டி பூரணம் தட்டை நிறைவாகக் காட்டும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் முட்டை அடித்துக் கலந்து வடைபோல் தட்டிக் கல்லில் நன்றாகச் சுட்டெடுக்கலாம்.