மண்ணுக்குள் போகும் பணம் வீண்பணமா?



பள்ளிக்கு நன்கொடை என்றவுடன் நம் கண்முன் வருவன எவை? நுழைவாயில் வளைவு, புதுச்சாயம், சுவரோவியம், மண்டபத்து மேடை, குளிர்சாதனம். இவை கூடாதென்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும் இவை அனைத்திற்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. இவற்றைக் கண்ணால் காணலாம். அருகே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் பொறிக்கலாம். மண்ணுக்கடியில் அரை மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒரு குழாய்க்கு இந்தப் பேறு எதுவும் இல்லை. ஆகவேதான் அதற்கென்று எவரும் பணம் ஒதுக்குவதில்லை. இந்த மனப்போக்கைக் கண்டிக்கவே இன்று எழுதுகிறேன்.

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் ஒரே கட்டடத்தில் அமைந்தவை அல்ல. தோட்டக்காலத்துப் பழைய கட்டடம் ஒருபுறம். பின்னர் எழுந்த இணைக்கட்டடம் மறுபுறம். பாலர் வகுப்பு வேலியோரம். கணினி அறை திடலுக்கு அப்பால். எப்போது பணம் வந்ததோ, எங்கே இடம் இருந்ததோ, அங்கே ஒன்றைக் கட்டினோம். தொலைபேசியும் இணையமும் அலுவலகம் வரைக்கும் வந்து சேர்கின்றன. அங்கிருந்து பின்கட்டடத்திற்கு எப்படிப் போகின்றன? பெரும்பாலும் போவதே இல்லை! போனாலும், புல்லின்மேல் கிடக்கும் ஒரு நீலக் கம்பியாகவோ, நடைபாதைக் கூரையில் கட்டித் தொங்கவிட்ட கம்பியாகவோதான் போகின்றன. புல்வெட்டி இயந்திரம் வரும் நாளில் முன்னதற்கு ஆயுள் முடிகிறது. வெயில் பின்னதன் உறையைப் பொடிப்பொடியாக்குகிறது.

பண்டார் தெங்காரா 1970களில் ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியத்தின் (கெஜோரா) திட்டத்தால் உருவான நகர். சுற்றிலும் செம்பனை. இங்கே மழையும் இடியும் நமக்குப் பழகிப்போனவை. மழை கொட்டும் வேளையில் பாலர் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஆசிரியை என்ன செய்வார்? தம் கைப்பேசியில் அலைவரிசை கிடைத்தால் அழைப்பார். கிடைக்காவிட்டால் இன்னொரு பிள்ளையை மழையில் ஓடவிடுவார். அலுவலகத்துக்கும் அவ்வறைக்கும் இடையே இருப்பது எழுபது எண்பது மீட்டர் மண் மட்டுமே. அந்த மண்ணைத் தோண்டாமல், வாயிலில் வளைவு கட்டிக் கொண்டாடுகிறோம்!

அரசு பார்த்துக்கொள்ளாதா?

இந்தக் கேள்வி எழுவது இயல்பு. அரசு செலவழிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் ஸ்கூல்நெட் வந்தது. 2011இல் ஒப்பந்தமான ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணைக்க முனைந்து, 2019இல் முடிவுற்றது. அத்திட்டத்தின் கற்றல் தளம் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்பட்டது என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக் காட்டியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இணையம் இல்லாத பிள்ளைக்குப் பாடமே இல்லை என்ற நிலையை நாடே கண்டது. அதே ஆண்டில் டெலிமா தளம் வந்தது.

இத்திட்டங்கள் அனைத்தும் நாட்டையும் பள்ளியையும் இணைப்பவை. நம் வேலிக்குள் எந்தக் கட்டடம் எங்கே நிற்கிறது என்பது கோலாலம்பூருக்கோ புத்ராஜெயாவுக்கோ தெரியாது, நமக்குத் தெரியும். கடைசி எண்பது மீட்டரைப் பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மேலாளர் வாரியமுமே எண்ணிப் பார்க்க வேண்டும். தெருவரைக்கும் தண்ணீர்க்குழாய் வந்த பிறகு, வீட்டுக்குள் குழாய் போடாமல் தண்ணீர் வாரியத்தைத் திட்டிக்கொண்டிருப்பவரை நாம் என்ன சொல்வோம்?

"இப்போதுதான் வைஃபை இருக்கிறதே!"

இருக்கிறது. அலுவலகத்து ரவுட்டரிலிருந்து இரண்டு செங்கல் சுவர், ஒரு தகரக்கூரை, ஒரு திடல் ஆகியவற்றைக் கடந்து போகும் அலை, கணினி அறையைச் சேரும்போது மூச்சு வாங்குகிறது. ஒரு கைப்பேசிக்கு அது போதலாம். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் திறக்கும் காணொளிக்குப் போதாது. பின்கட்டடத்தில் வைஃபை நன்றாக இயங்க வேண்டுமானால், அதன் கருவி அக்கட்டடத்திலேயே இருக்க வேண்டும். அக்கருவிக்கு ஒரு கம்பி வந்து சேர வேண்டும். கம்பியில்லாச் சேவைக்கும் அடியில் கம்பி உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

இரு கூரைகளில் எதிரெதிராக அலைவாங்கி பொருத்தும் முறையும் உள்ளது. இடையில் மரமோ சுவரோ இல்லையெனில் அது நன்றாகவே இயங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று தோண்ட இயலாத பள்ளிக்கு அது தற்காலிகத் துணை. ஆனால் கூரை உச்சியில் நிற்கும் கருவியிலிருந்து செப்புக்கம்பி வகுப்பறைக்குள் இறங்குகிறதே, அதுதான் என் அச்சம்.

மின்னலை மறந்த திட்டம்

உலகில் இடி மின்னல் மிகுந்த பகுதிகளுள் தீபகற்ப மலேசியாவும் ஒன்று. ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் வரை இடிமுழக்கம் கேட்கும் இடங்கள் இங்கே உண்டு. இதை அறிந்தும் ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்திற்குச் செப்புக்கம்பி இழுக்கிறோம்.

"புதைத்துவிட்டால் மின்னல் என்ன செய்யும்?" என்று பலர் கேட்கின்றனர். விளக்கம் எளிது. ஒவ்வொரு கட்டடத்திற்கும் தனித்தனி நில இணைப்பு, அதாவது எர்த், உண்டு. ஒன்றன் அருகே மின்னல் விழும்போது அங்குள்ள நிலத்தின் மின்னழுத்தம் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்கிறது. எண்பது மீட்டர் தள்ளியிருக்கும் நிலம் அவ்வாறு உயர்வதில்லை. இரண்டையும் இணைத்துக் கிடப்பது நம் செப்புக்கம்பி! மின்னோட்டம் அதன்வழியே பாய்கிறது. இரு முனைகளிலும் உள்ள கருவிகள் கருகுகின்றன. மின்னல் கம்பியின்மேல் விழவே வேண்டியதில்லை. ஆழப் புதைத்தாலும் இவ்வாபத்து நீங்காது.

நான் அறிந்த ஒரு பள்ளியில் ஒரே மாலை இடியில் சுவிட்ச் பெட்டியும் சில கணினிகளும் தொலைபேசியும் ஒருசேரப் பழுதாயின. அதன்பின் "கணினி அறைக்கு ராசியில்லை" என்று பேசிக்கொண்டார்கள். ராசிக்கு இதில் என்ன வேலை? அங்கே இருந்தது செம்பு.

இதற்குத் தீர்வு கண்ணாடி இழை, அதாவது நாம் பேச்சில் ஃபைபர் என்று குறிப்பது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கவசமோ உலோகக் கம்பியோ இல்லாத இழை வடத்தைப் போட்டால் இரு கட்டடங்களுக்கும் இடையே மின்னோட்டம் பாய வழியே இல்லை. செப்பு வடத்தில் இணையத்திற்கு 100 மீட்டர்தான் எல்லை. ஒற்றைமுறை இழைக்குக் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். கண்ணாடி இழையில் தொலைதூரச் செய்தி அனுப்ப முடியும் என்று சார்ல்ஸ் காவ் 1966இல் காட்டினார்; 2009இல் நோபல் பரிசும் பெற்றார். அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்த பொருள் இன்று நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. பள்ளித் திடலைக் கடக்க மட்டும் ஏன் தயக்கம்?

ஒரு நேர்மையான மறுப்பும் உண்டு. பழைய செப்புத் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்ததால் அது மின்தடையிலும் ஒலித்தது. இழைவழி வரும் தொலைபேசி மின்தடையில் ஊமையாகிவிடும். ஆகவே இரு முனைகளிலும் சிறிய யூ.பி.எஸ். வைக்க வேண்டும். செப்பே போட நேர்ந்தால், நீர் புகாத வெளிப்புற வடம், இரு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பான், அவற்றைக் கட்டடத்தின் நில இணைப்போடு முறையாகச் சேர்த்தல் ஆகிய மூன்றும் கட்டாயம். மூன்றில் ஒன்றை விட்டாலும் கருகுவது நம் கருவிகள்தாம்.

குழாயே முதலீடு

"வடத்தை அப்படியே மண்ணில் புதைத்தால் குழாய்ச் செலவு மிச்சம்" என்பார்கள். இது மிச்சமன்று. அறைக்குள் ஓடும் சாதாரண வடத்தின் உறை ஈரமண்ணைத் தாங்காது. நீர் உள்ளே கசியும். கறையானும் எலியும் தம் பங்குக்குக் கடிக்கும். பழுதானால் மறுபடியும் திடல் முழுக்கத் தோண்ட வேண்டும். இவ்வேலையில் பெருஞ்செலவு தோண்டுவதற்கே. வடத்தின் விலை அதில் சிறுபங்கு. ஒருமுறை தோண்டும்போதே பெரிய குழாயைப் போட்டுவிட்டால், பத்தாண்டு கழித்து வேறு வடம் வேண்டுமென்றாலும் பழையதை உருவிப் புதியதை இழுத்துக்கொள்ளலாம்.

முறையான வேலை எப்படி இருக்கும் என்று பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பள்ளம் 450 முதல் 600 மில்லிமீட்டர் ஆழம். அடியில் மணல். அதன்மேல் 50 மில்லிமீட்டர் குழாய். வளைவுகள் மெதுவானவை, செங்கோண முறிவு கூடாது. குழாய்க்குள் ஓர் உபரி இழுகயிறு. மூடும்போது பாதி ஆழத்தில் எச்சரிக்கை நாடா. நாளை வேறொருவர் தோண்டும்போது மண்வெட்டிக்கு முன் அதுதான் கண்ணில் படும். மின்சார வடத்தை இதே குழாயில் ஒருபோதும் நுழைக்கக் கூடாது. குறைந்தது 300 மில்லிமீட்டர் விலகியே செல்ல வேண்டும். குழாய்க்குள் என்றேனும் நீர் சேரும் என்றே எண்ணி வெளிப்புற வடத்தையே வாங்க வேண்டும். இரு முனைகளையும் அடைத்தால் எலியும் பூச்சியும் ஏறா. இன்றைக்கு இரண்டு இழை போதும். வாங்கும்போது நான்கோ ஆறோ உள்ள வடமாக வாங்குக.

தோண்டுமுன் நிலத்தடியில் மின்வடமோ தண்ணீர்க்குழாயோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகுதி உதவி பெறும் பள்ளியாயின், நிலம் தோட்டத்துடையதாக இருக்கக்கூடும். நிர்வாகத்தின் எழுத்துவழி இசைவு தேவை. கோத்தோங் ரோயோங்கில் பள்ளம் வெட்டி மூடலாம். மின்சார வேலையை மட்டும் எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்றவரிடமே விட வேண்டும். இழை ஒட்டுவதற்கு அதற்குரிய கருவி உள்ள தொழில்நுட்பர் வேண்டும். இறுதியாக, குழாய் செல்லும் வழியைப் படமாக வரைந்து அலுவலகச் சுவரில் மாட்டுக. தலைமையாசிரியர் மாறுவார், ஆசிரியர் மாறுவார், படம் இருக்கும்.

இந்த மண்ணுக்குக் கம்பி புதிதன்று

உலகக் கம்பிகளின் கதையில் ஜொகூருக்குப் பங்குண்டு. மலாய் மக்கள் தாபான் என்றழைத்த மரத்தின் பாலே கட்டாபெர்ச்சா. வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகி, கடல்நீரிலும் கெடாத பொருள் அது. 1840களில் ஜொகூர்க் காடுகளிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற இப்பொருளின் வணிகத்தால் தெமெங்கோங் இப்ராகிம் செல்வம் பெற்றார். 1851இல் ஆங்கிலக் கால்வாயிலும், 1858இலும் 1866இலும் அட்லாண்டிக் கடலிலும் இடப்பட்ட கம்பிகளுக்குக் கட்டாபெர்ச்சாவே உறை. 1871 தொடக்கத்திற்குள் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தது.

வங்கக் கடலின் அடியில் கம்பி கிடத்தி நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாயிற்று. நம்மால் ஒரு திடலைக் கடக்க இயலாதாம்!

பெற்றோர்களுக்கு

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. எஞ்சியவற்றைக் காக்க வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறோம். பிள்ளையைச் சேர்க்க வரும் இளம்பெற்றோர் வளைவைப் பார்த்து மயங்குவதில்லை. "கணினி வகுப்பு நடக்கிறதா? அவசரத்திற்கு வகுப்பறையைத் தொடர்புகொள்ள முடியுமா?" என்றே கேட்கிறார்கள். இக்கேள்விகளுக்கு மழுப்பாமல் விடை சொல்லும் பள்ளிதான் நிலைக்கும்.

ஆகவே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று இவற்றைக் கேளுங்கள்:

1. நம் பள்ளியின் எந்தெந்தக் கட்டடத்திற்குத் தொலைபேசியும் இணையமும் செல்கின்றன?
2. செல்லும் கம்பி செம்பா, கண்ணாடி இழையா?
3. அது குழாய்க்குள் செல்கிறதா, வெறும் மண்ணில் கிடக்கிறதா?
4. மின்னெழுச்சித் தடுப்பானும் நில இணைப்பும் உள்ளனவா? கடைசியாக எப்போது சோதித்தார்கள்?
5. குழாய்வழியின் வரைபடம் எங்கே?

ஐந்துக்கும் விடை கிடைத்தால் உங்கள் பொறுப்பாளர்களைக் கைகூப்பி வாழ்த்துங்கள். கிடைக்காவிட்டால், இவ்வாண்டு நன்கொடையின் முதல் பங்கு மண்ணுக்குள் போகட்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். கொடுத்தவர் பெயரைப் பொறிக்க இடமில்லையே என்று யாரேனும் வருந்தினால், அலுவலகச் சுவரில் மாட்டும் அவ்வரைபடத்தின் அடியில் எழுதிக் கொடுத்துவிடலாம்!