தொண்டு முன்னே, நாற்காலி பின்னே!



பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மங்களூர் ஒன்றியத்திலே, ஊராட்சித் தேர்தல் என்றதும் முதலில் எழும் கேள்வி எது? “எவ்வளவு செலவழிப்பார்?” என்பது! “இதுவரை எவ்வளவு உழைத்தார்?” என்றன்றோ கேட்டிருக்க வேண்டும்!

ஈரோட்டை எண்ணிப் பாருங்கள். பிளேக் நோய் பரவியபோது, உற்றாரே பிணத்தை விட்டுவிட்டு ஓடினர். ஓடாது நின்றார் ஒரு வணிகர். பிணங்களைத் தம் தோளிலே சுமந்தார். பின்னாளில் நகராட்சித் தலைவராகிக் காவிரி நீரை ஊருக்குள் கொணர்ந்தார். 1919-இல் அந்தப் பதவியையும் உதறிவிட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தார். அவரே பெரியார்! தோள் கொடுத்தவரைத் தேடித் தலைமை வந்தது. பெரும்பணி அழைத்தபோது தலைமையைத் துறக்கவும் அவரால் முடிந்தது.

அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை. அமர்ந்த நாற்காலியைப் பறிக்க எவரும் வரவில்லை. ஏழைத் தொண்டனுக்கு?

1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஒடுக்கப்பட்டோருக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது. 2016-இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. ஆனால் மேலவளவிலே நடந்ததென்ன? தனி ஊராட்சியின் தலைவரான முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 சூன் 30 அன்று வெட்டிச் சாய்க்கப்பட்டனர். அது மதுரைச் சீமை எனத் தேறுதல் கொள்ளாதீர்! நம் கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டையிலே, 2020-இல், தலைவி தரையில், மற்றவர் நாற்காலியில்! படம் நாடெங்கும் பரவிய பின்னரே சட்டம் சாட்டையை எடுத்தது.

சட்டம் நாற்காலி தரும். அதில் அமரவிடும் நெஞ்சத்தை ஊர்தான் தரவேண்டும். ஊரைத் திருத்துவது யார் வேலை? நம் வேலை!

ஆகவே, வேட்பாளரின் பணப்பையைப் பாராதீர், பாதங்களைப் பாருங்கள். காய்ச்சல் கண்ட குடிசைக்கு நள்ளிரவில் நடந்த பாதங்கள். ஓர் ஏழை மூதாட்டியின் உதவித்தொகைக்காக வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய பாதங்கள். அத்தகைய ஒருத்தி ஒவ்வொரு சேரியிலும் இருக்கிறாள். “பணமின்றி வெல்வாளா?” என்பீர். அவள் செய்த தொண்டை வீடு வீடாகச் சென்று சொல்ல நமக்கு வாய் இல்லையா, கால் இல்லையா?

அவளை நிறுத்துங்கள். வென்றபின் அவள் பெயரால் கணவரோ, நம் கிளைச் செயலாளரோ ஆள விடாதீர். கூட்டம் தொடங்குமுன் நடுநாற்காலியில் அவளை அமர்த்துங்கள். அதன்பின் நீங்கள் அமருங்கள்!